லாம்பெண்ணெய்

போன தவணையில் ஒரு நாள் தரம் 12 மாணவர்களுக்கு வெப்பவியல் நடத்திக்கொண்டிருந்தேன். நல்ல மழை. எங்கள் பாடசாலையில் அந்தக் கட்டடத்துக்குத் தகரக் கூரை. மழை பிடித்துவிட்டால் தொண்டை கிழியக் கத்த வேண்டும், இல்லாவிட்டால் பாடத்தை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தினேன். சத்தம் கொஞ்சம் குறைந்ததும், சும்மா இருக்கிற நேரத்தில் ஏதாவது பேசுவோமே என்று, பிரித்தானிய அரசாங்கம் புகை கக்காத விமானத்துக்கும் அணு உலைப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலைகளுக்கும் பெரும் பணம் ஒதுக்கியிருப்பதைச் சொன்னேன். பின்வரிசையில் ஒரு பையன் எழுந்தான்.

“பிளேன் கம்பனிக்காரங்க பணக்காரங்கதானே சேர்? அவங்களுக்கு எதுக்கு கவுர்மெண்டு காசு குடுக்கணும்?”

மணி அடித்துவிட்டது. பதில் சொல்லாமலே வந்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னோடு பஸ்ஸில் ஏறி ஹட்டன் வரைக்கும் வந்தது. அந்தப் பையனின் அம்மா ஆறு வருடமாகக் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். அவனுக்கு விமானம் என்றால் கட்டுநாயக்கவில் அம்மாவை ஏற்றிக்கொண்டு போனது. அவனுக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும். இங்கே எழுதுவது அந்தப் பதில்தான்.

எங்கள் குடும்பத்தில் விமானத்தைப் பற்றிய முதல் கதை ஒரு சாவுக் கதை. 1974 டிசம்பர் 4-ஆம் திகதி இரவு பத்து மணி கடந்து, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றி வந்த மார்ட்டின்எயார் விமானம் கொழும்பில் இறங்க வந்த வழியில் ஏழு கன்னியர் மலையில் மோதியது. டிசி-8 ரகம். உள்ளே இருந்த 191 பேரும் போய்விட்டார்கள். அப்பாவுக்கு அப்போது பதினெட்டு வயது. நோட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். மறுநாள் சுற்றுவட்டாரத் தோட்டத்து ஆட்கள் மலை ஏறியபோது அவரும் ஏறினார். அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. நாங்கள் கேட்டால், “மலை முழுக்க லாம்பெண்ணெய் வாசம்டா” என்று மட்டும் சொல்லுவார். நோட்டன் பிரிட்ஜில் அந்த விமானத்தின் ஒரு டயரை இன்றும் நினைவாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள்.

லாம்பெண்ணெய் என்றால் மண்ணெண்ணெய். லாம்பில் ஊற்றுகிற எண்ணெய். எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, கரண்ட் வந்தபோது எனக்குப் பதினாலு வயது. அதுவரைக்கும் அந்த வாசத்தில்தான் படித்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். பல வருடம் கழித்து, பல்கலைக்கழகத்தில் ஒரு பாடப் புத்தகத்தில் விமான எரிபொருளும் மண்ணெண்ணெயும் ஒரே வகை என்று வாசித்த நாள் அப்பாவின் அந்த வாசகம் ஞாபகம் வந்தது. அப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். குப்பி விளக்கில் எரிந்ததும் 191 பேரைச் சுமந்து வந்த இயந்திரத்தில் எரிந்ததும் ஏறக்குறைய ஒரே எண்ணெய்.

2022-இல் அந்த எண்ணெய் இரண்டு பக்கமும் இல்லாமல் போனது. லயத்து ஆட்கள் கேனைத் தூக்கிக்கொண்டு மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற அதே மாதங்களில், கட்டுநாயக்கவில் நிரப்ப எரிபொருள் போதாமல், நம் நாட்டிலிருந்து தூரப் பயணம் போன விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு போயின. வெளியிலிருந்து வாங்குகிற எண்ணெயில் ஒரு நாடு எப்படித் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை அதற்கு முன் நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

சரி, எண்ணெயை விட்டுவிட்டு விமானத்தைப் பறக்க வைப்பதில் என்ன கஷ்டம்? எல்லாம் எடைதான். ஒரு கிலோ மண்ணெண்ணெயில் கிட்டத்தட்ட 12 கிலோவாட் மணித்தியாலச் சக்தி இருக்கிறது. இன்றைக்கு உள்ள நல்ல லித்தியம் பற்றரியில் ஒரு கிலோவுக்குக் கால் கிலோவாட் மணித்தியாலம், கொஞ்சம் கூடவும் இருக்கலாம். விமானத்தில் எண்ணெய் எரிய எரிய எடை குறையும். பற்றரி தீர்ந்தாலும் அதே எடைதான், இறங்கும்போதும் சுமக்க வேண்டும். ஆகவே பற்றரி விமானம் சின்னதாகவும் கிட்ட தூரமாகவும்தான் இருக்க முடியும். ஐரோப்பாவில் 2020 ஜூனில் முதன்முதலாகச் சான்றிதழ் பெற்ற மின்சார விமானத்தில் இரண்டே இருக்கைகள். கனடாவின் வான்கூவரில் 2019 டிசம்பரில் மின்மோட்டார் பொருத்திய ஒரு நீர்விமானம் பறந்தது. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சுற்றுலாக்காரர்களைக் கொண்டுவந்து இறக்குகிற மாதிரியான சின்ன நீர்விமானத்துக்கு இது ஒரு நாள் பொருந்தும். கொழும்பிலிருந்து அது அரை மணி நேரப் பறப்பு. ஆனால் குவைத்துக்கு ஐந்து மணி நேரம். அந்தப் பையனின் அம்மாவைப் பற்றரியால் கூட்டிவர முடியாது.

அதனால்தான் ஐதரசன். கிலோவுக்கு 33 கிலோவாட் மணித்தியாலம், மண்ணெண்ணெயைப் போல இரண்டே முக்கால் மடங்கு. எரித்தாலும், எரிபொருள் கலத்தில் போட்டு மின்சாரமாக்கினாலும் கரியமில வாயு வராது, முக்கியமாகத் தண்ணீர்தான் வரும். ஆனால் அதைத் திரவமாக வைத்திருக்க மைனஸ் 253 பாகைக்குக் குளிர வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் அதே சக்திக்கு மண்ணெண்ணெயைப் போல நாலு மடங்கு இடம் பிடிக்கும். இறக்கைக்குள் ஊற்ற முடியாது. உடம்புக்குள் பெரிய குடுவை வைக்க வேண்டும், அதாவது விமானத்தின் உருவத்தையே மாற்ற வேண்டும். முடியாத காரியமில்லை. சோவியத் யூனியன் 1988 ஏப்ரலில் டுபோலெவ் 155 என்ற விமானத்தின் ஒரு இயந்திரத்தைத் திரவ ஐதரசனில் ஓட்டிப் பறந்து காட்டியது. அந்த நாடும் போய்விட்டது, அந்த வேலையும் நின்றுவிட்டது.

2023 ஜனவரி 19-ஆம் திகதி இங்கிலாந்தில், கெம்பிள் என்ற இடத்திலுள்ள விமான நிலையத்திலிருந்து, ஸீரோஏவியா என்ற நிறுவனம் 19 இருக்கை டோர்னியர் விமானமொன்றைப் பறக்கவிட்டது. இடது பக்க விசிறியைச் சுற்றியது ஐதரசனில் வந்த மின்சாரம், பற்றரியின் துணையோடு. வலது பக்கம் பழைய எண்ணெய் இயந்திரம். பத்து நிமிடம் பறந்தது. அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின்னால் பிரித்தானிய அரசாங்கத்தின் 12.3 மில்லியன் பவுண் இருந்தது. பத்து நிமிடத்துக்கு இவ்வளவா என்று என் மனைவி கேட்டாள். என்னிடம் இருந்த பதில், அமெரிக்காவில் அதே வருடம் மார்ச்சில் யுனிவர்சல் ஹைட்ரஜன் என்ற இன்னொரு நிறுவனம் அதைவிடப் பெரிய டேஷ்-8 விமானத்தை இதே முறையில் பறக்கவிட்டது என்பதுதான். பறந்த மறு வருடமே, 2024-இல், முதலீட்டுக்கு ஆளில்லாமல் அந்த நிறுவனத்தை மூடிவிட்டார்கள். ஜெர்மனியில் மின்சார விமானம் செய்த லிலியம் நிறுவனத்துக்கு 2024 அக்டோபரில் அரசாங்கத்தின் கடன் உத்தரவாதம் கிடைக்கவில்லை. அதே மாதம் திவாலாகிவிட்டதாக அறிவித்தது. ஏர்பஸ்ஸே 2035-க்குள் ஐதரசன் விமானம் என்று 2020-இல் சொல்லிவிட்டு, 2025 பிப்ரவரியில் அதை ஐந்திலிருந்து பத்து வருடம் தள்ளிப் போட்டது.

பையனின் கேள்விக்கு முதல் பாதிப் பதில் இதில் இருக்கிறது. பதினைந்து, இருபது வருடம் கழித்துப் பலன் தருகிற வேலைக்குத் தனியார் பணம் வரும், ஆனால் தங்காது. ஒரு காலாண்டுக் கணக்கு சரியில்லை என்றால் எழுந்து போய்விடும். பறக்கிறதா என்று பார்ப்பது ஒரு பகுதிதான். சான்றிதழ் விதி எழுத வேண்டும், விமான நிலையத்தில் குளிர்க்குடுவை கட்ட வேண்டும், அதைக் கையாள ஆட்களைப் பழக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு கம்பனி தனியாகச் செய்யாது. பிரித்தானியா 2013-லேயே இதற்கென்று விமானத் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றை அமைத்து, அரசும் தொழில்துறையும் சேர்ந்து செலவைச் சுமக்கிற ஏற்பாடு செய்தது. 2025-இல் அந்த ஏற்பாட்டுக்கு அடுத்த பத்து வருடத்துக்கு 2.3 பில்லியன் பவுண் வரை என்று அறிவித்தார்கள். தொகையைவிட ‘பத்து வருடம்’ என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அணு உலை இதில் எங்கே வருகிறது? இதை வகுப்பில் கணக்காகவே போடலாம் என்று இருக்கிறேன். கொழும்பிலிருந்து லண்டனுக்குப் போகிற ஒரு பெரிய விமானம் 50 டன் மண்ணெண்ணெய்க்குக் குறையாமல் எரிக்கும். அதே சக்திக்கு ஐதரசன் என்றால் சுமார் 18 டன். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஐதரசன் எடுக்கக் கிட்டத்தட்ட 55 கிலோவாட் மணித்தியால மின்சாரம் வேண்டும். அதைத் திரவமாக்க இன்னும் 10. பெருக்கிப் பாருங்கள், 1,170 மெகாவாட் மணித்தியாலம் வருகிறது. நம் பழைய லக்சபான நீர்மின் நிலையம் சுமார் 50 மெகாவாட். அதை ஒரு நாள் முழுக்க, 24 மணித்தியாலமும் முழு வேகத்தில் ஓட்டினால் ஒரே ஒரு விமானம் ஒரு தடவை லண்டனுக்குப் போகும். திரும்பி வர இன்னொரு நாள்.

இந்தக் கணக்கை முதல் தடவை போட்டபோது நானே நம்பாமல் இன்னொரு தாளில் திரும்பப் போட்டேன். லக்சபான எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்! அந்த நீர்க்குழாய் மலையிலிருந்து இறங்குவதைப் பார்த்துத்தான் எனக்குப் பௌதிகம் பிடித்தது. அவ்வளவும் ஒரு விமானத்துக்கு. அப்படியானால் இரவும் பகலும், மழையோ வெயிலோ, ஒரே அளவில் மின்சாரம் தருகிற ஏதாவது ஒன்று வேண்டும் என்று விமானத்தைப் பற்றி யோசிக்கிற நாடுகள் அணுவையும் சேர்த்து யோசிப்பதில் ஆச்சரியமில்லை. ரோல்ஸ்-ரோய்ஸ் வடிவமைக்கிற சிறிய அணு உலை 470 மெகாவாட். ஒரு நாள் ஓடினால் அப்படி ஒன்பது, பத்துப் பயணத்துக்கு வரும். 2021 நவம்பரில் பிரித்தானிய அரசு அதற்கு 210 மில்லியன் பவுண் கொடுத்தது, தனியாரும் பக்கத்தில் பணம் வைத்தார்கள். 2025 ஜூனில் போட்டியில் அதைத் தேர்ந்தெடுத்து, சிறிய உலைத் திட்டத்துக்கு 2.5 பில்லியன் ஒதுக்கினார்கள். இந்தியாவும் அதே வருட வரவு செலவுத் திட்டத்தில் 20,000 கோடி ரூபாய் வைத்து, 2033-க்குள் உள்நாட்டிலேயே வடிவமைத்த சிறிய உலைகள் ஐந்தையாவது ஓட்டுவோம் என்றது.

பணம் ஒதுக்குவது ஒன்று, விடாமல் ஒதுக்குவது இன்னொன்று. இதற்கு உதாரணம் தேடி இங்கிலாந்துக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் மலையிலேயே இருக்கிறது.

டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918-இல், இந்த மலைத் தண்ணீரிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்கோடு ஒரு கட்டுரை வாசித்தார். அதற்கு முன்பே நுவரெலியாவுக்கும் நானுஓயாவுக்கும் இடையில் பிளாக்பூலில் ஒரு சின்ன நீர்மின் நிலையம் கட்டிக் காட்டியிருந்தார். 1924-இல் லக்சபான வேலை தொடங்கியது. சில வருடத்தில் பணமில்லை என்று நிறுத்தினார்கள். மனுஷன் விடவில்லை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, 1931-இல் அரசாங்க சபைக்குத் தேர்தலில் நின்று வென்று, உள்ளே போயும் இதையே பேசினார். கடைசியில் லக்சபானவிலிருந்து மின்சாரம் வந்தது 1950-இல். மூன்று வருடம் கழித்து, 1953-இல் அவர் காலமானார். கட்டுரை வாசித்ததிலிருந்து விளக்கு எரிந்தது வரை 32 வருடம். தண்ணீர் முழுக்க அந்தக் காலமெல்லாம் சும்மா கடலுக்குப் போனது. நாடு விறகும் நிலக்கரியும் எண்ணெயும் எரித்தது.

இப்போது இங்கிலாந்துக்குப் போவோம். ஷெஃபீல்ட் ஃபோர்ஜ்மாஸ்டர்ஸ் என்று ஒரு பெரிய உருக்குப் பட்டறை. அணு உலையின் உடம்பு போன்ற மிகப் பெரிய உருக்குப் பாகங்களை அடித்து உருவாக்க 15,000 டன் அழுத்தி ஒன்று வேண்டும் என்று அவர்களுக்கு 80 மில்லியன் பவுண் அரசாங்கக் கடன் ஏற்பாடாகியிருந்தது. கடன்தான், தானமில்லை. 2010 மே மாதம் ஆட்சி மாறியது. ஜூனில் புதிய அரசு, செலவைக் குறைக்க வேண்டும் என்று அதை ரத்துச் செய்தது. பதினொரு வருடம் கழித்து, 2021-இல், அதே நாட்டின் பாதுகாப்பு அமைச்சு அந்த நிறுவனத்தையே 2.56 மில்லியனுக்கு வாங்கி, அடுத்த பத்து வருடத்தில் 400 மில்லியன் வரை போடுவோம் என்றது. ரத்துச் செய்த கடனைப் போல ஐந்து மடங்கு. இரண்டு பணமும் ஒரே வேலைக்கு என்று சொல்ல மாட்டேன். 2021-இல் அவர்கள் மனதில் இருந்தது நீர்மூழ்கிக் கப்பல்கள். ஆனால் இடையில் போன பதினொரு வருடத்தை எந்தப் பணமும் வாங்கித் தராது.

அந்த வருடங்களில் என்ன போகிறது என்பதை அப்பாவை வைத்துத்தான் என்னால் சொல்ல முடியும்.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டருக்கு உதவியாளாகச் சேர்ந்தவர். அங்கே கொழுந்தை உருட்டுகிற ரோலர்கள் அவர் பிறப்பதற்கு முன்னாலேயே இங்கிலாந்திலிருந்து வந்தவை. ஒன்றின் இரும்புத் தகட்டில் மார்ஷல், கெய்ன்ஸ்பரோ என்று போட்டிருக்கும். நான் ஆங்கில எழுத்து கூட்டிப் படித்த முதல் பலகை அதுதான். உலர்த்துகிற இயந்திரம் பெல்ஃபாஸ்டில் செய்த சிரோக்கோ. லீவு நாளில் சாப்பாட்டுக் கேரியரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அப்பாவோடு நிற்பேன்.

ஒரு நாள் ரோலரின் சுழலும் தண்டில் சத்தம் வருகிறது என்று கழற்றி வைத்திருந்தார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பா ஒரு துணியை லாம்பெண்ணெயில் நனைத்துத் தண்டு முழுக்கத் தேய்த்தார். கொஞ்ச நேரம் விட்டார். பிறகு காய்ந்த துணியால் சுத்தமாக, சொட்டு எண்ணெய் இல்லாமல் துடைத்தார். சுண்ணாம்புத் தூளைத் தண்ணீரில் கரைத்து மெல்லிசாகப் பூசினார். வெள்ளை காய்ந்தது. “பார்த்துக்கிட்டே இரு” என்றார். சுத்தியலால் மெதுவாக இரண்டு தட்டு. வெள்ளைக்கு நடுவில், தலைமயிர் அகலத்தில், ஈரமாக ஒரு கோடு எழுந்து வந்தது. வெடிப்புக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் சுண்ணாம்பை நனைக்கிறது. துரைக்குத் தெரியாதது, டீ மேக்கருக்குத் தெரியாதது, அப்பாவுக்குத் தெரிந்தது. யாரோ ஒரு பழைய ஃபிட்டர் சொல்லிக்கொடுத்தது.

அப்பா முப்பத்தொரு வருடம் வேலை செய்தார். ஃபிட்டர் என்ற பதவி கடைசிவரை வரவில்லை, உதவியாளாகவே ஓய்வு பெற்றார். அவருக்குப் பிறகு அந்தத் தொழிற்சாலையையும் மூடிவிட்டார்கள், கொழுந்து லொறியில் வேறு தோட்டத்துக்குப் போகிறது. அவர் கை பழகிய அந்த வித்தையை அடுத்த ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க அடுத்த ஆளே இல்லை. ஒரு தலைமுறைக்கு வேலை இல்லாமல் போனால் கையிலிருப்பது கையோடு போய்விடுகிறது. பிரித்தானியாவில் கடைசியாக ஓடத் தொடங்கிய அணுமின் நிலையம் சைஸ்வெல் பி, 1995-இல். அடுத்ததான ஹிங்க்லி பொயின்ட் சி-க்கு இறுதி அனுமதி கிடைத்தது 2016-இல். இடையில் இருபத்தொரு வருடம். அந்த இடைவெளியில் வெல்டிங்காரர்கள் வயதாகி வீட்டுக்குப் போனார்கள். இப்போது ‘அணு உற்பத்திக்கு அரசு ஆதரவு’ என்று செய்திகளில் வருவதில் பெரும் பகுதி, போன கைகளைத் திரும்ப உண்டாக்குகிற செலவுதான்.

உண்டாக்கினால் என்ன நடக்கும் என்பதற்கும் ஷெஃபீல்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2024-இல் அவர்கள் மூன்று மீட்டர் விட்டமும் 200 மில்லிமீட்டர் சுவர்த் தடிப்பும் உள்ள ஒரு மாதிரி உலைக்கலத்தை, வெற்றிடத்தில் இலத்திரன் கற்றை பாய்ச்சி, ஒரு நாளுக்குள் ஒட்டி முடித்தார்கள். பழைய முறையில் படை மேல் படையாகச் சூடாக்கி, ஒட்டி, சோதித்து, திரும்ப ஒட்டி, ஒரு வருடம் வரை எடுக்கிற வேலை. இருநூறு மில்லிமீட்டர் என்றால் என் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு தடித்த உருக்கு. வாசித்த இரவு அப்பாவுக்குச் சொன்னேன். எழுபது வயதை நெருங்குகிறார், காது கொஞ்சம் மந்தம். “ஒட்டினது சரி, வெடிப்பு இருக்கான்னு எப்படிப் பார்த்தாங்க?” என்றார்.

அணுவைப் பற்றி எனக்குப் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கழிவை ஆயிரக்கணக்கான வருடம் காக்க வேண்டும். ஒரே பட்டறையில் மின்நிலையப் பாகமும் போர்க்கப்பல் பாகமும் செய்கிறார்கள் என்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் கூடங்குளம் மக்கள் வருடக்கணக்காகக் கேட்ட கேள்விகளுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். ஆனால் சும்மா இருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதை நாங்கள்தான் கட்டுகிறோம். 2014 அக்டோபர் 29-ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழை மலைநாடு முழுக்கச் செய்ததும் கண் முன்னால் இருக்கிறது. மழையின் குணம் மாறிக்கொண்டு வருகிறது. மலைச்சரிவில் லயம் கட்டி உட்கார வைக்கப்பட்டவர்களுக்கு அது புத்தகத்து விஷயமில்லை.

இலங்கையில் அணுமின் நிலையம் கட்டுவார்களா? பேச்சு இருக்கிறது. அவசரப்படக் கூடாது என்பது என் எண்ணம். நம் மின்வலையமைப்பு சின்னது. 2025 பிப்ரவரி 9-ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் நாடு முழுக்க இருண்டது. அப்படியான வலையில் 470 மெகாவாட் திடீரென்று அறுந்தால் என்ன ஆகும் என்பதை முதலில் சரி செய்ய வேண்டும். ஆனால் உலை இல்லாத நாட்டிலும் அணுத்துறையின் கைவேலைகள் இருக்கலாம். இருக்கின்றன. இலங்கை 1957-லிருந்தே சர்வதேச அணுசக்தி முகமையில் உறுப்பு நாடு. அணுசக்திச் சபையின் கீழ் களனியில், பொருளை வெட்டாமல் உடைக்காமல் உள்ளே இருக்கிற குறையைக் கண்டுபிடிக்கிற சோதனைக்கென்றே ஒரு தேசிய நிலையம் இருக்கிறது. எக்ஸ்ரே, மீயொலி, காந்தத் தூள், சாயம். கொதிகலன், எண்ணெய்க் குழாய், கப்பல், விமான இறக்கை, அணு உலை என்று எல்லாவற்றுக்கும் இதே நாலைந்து முறைதான். இந்த வேலை கற்றவனுக்கு உலகம் முழுக்க இடம் இருக்கிறது. ஐதரசன் விமானம் வந்தால் அதன் குளிர்க்குழாய்களுக்கும் இவன்தான் வேண்டும். ஐதரசன் இருக்கிறதிலேயே சின்ன மூலக்கூறு, தலைமயிர் வெடிப்பு போதும் கசிய.

நம் அரசாங்கம் விமானத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அதற்கு நம்மிடம் வசதியில்லை. இந்தக் கைகளுக்குக் கொடுக்கட்டும். மலையகத்தில், தமிழில், உருக்கு வேலையும் சோதனை வேலையும் பழக்குகிற இடங்கள் வேண்டும். ஆட்சி மாறினாலும் மூடாத இடங்கள்.

அதோடு, கடிதம் வந்து சேர வேண்டும். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். மூன்று வருடத்துக்கு முன் என்னிடம் படித்த ஒரு பையன், கணிதத்தில் கெட்டிக்காரன், ஒரு தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பித்தான். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் போட்டார்கள். லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்குப் போய், ஒரு மேசையில் கிடந்து, யாரோ ஒருவர் கையில் கொடுத்தனுப்பி, அவன் கைக்கு வந்தபோது தேர்வு முடிந்து நாலு நாள். போன் செய்தோம். அடுத்த வருடம் பாருங்கள் என்றார்கள். பௌதிகத்தில் நல்ல பெறுபேறு வாங்கிய பையன் அந்த வருடம் முழுக்கக் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் துணி மடித்துக்கொண்டு நின்றான். விமலசுரேந்திரவுக்கு 32 வருடம், இவனுக்கு ஒரு வருடம். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே வகை நட்டம்.

அடுத்த வருடம் என் வீட்டு விலாசத்தைப் போட்டு விண்ணப்பிக்கச் சொன்னேன். ஹட்டனில் எங்கள் வீட்டுக்குத் தெருப் பெயரும் இலக்கமும் இருக்கிறது. கடிதம் இரண்டு நாளில் வந்தது. நானே தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். இப்போது அவன் அந்தச் சோதனை வேலையைத்தான் படிக்கிறான். விண்ணப்பிக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் என் விலாசத்தையே கொடுத்து வருகிறேன். பின்வரிசைப் பையனுக்கும் கொடுப்பேன், அவனுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது.

போன கிழமை, சோதனை வேலை படிக்கிற அந்தப் பழைய மாணவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மேசையில் வெல்டிங் செய்த ஒரு உருக்குத் துண்டு. அதன் மேல் வெள்ளைப் பூச்சு. நடுவில், மயிர் போல, சிவப்பாக ஒரு கோடு. சிவப்புச் சாயத்தைப் பூசி, துடைத்து, வெள்ளையடித்தால் வெடிப்பு இப்படி வெளியே வரும் என்று விளக்கமாக எழுதியிருந்தான்.

போனை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மெதுவாக இழுத்தார்.

“இது சாயமா? லாம்பெண்ணெய் இல்லையா?”

“சாயம் அப்பா.”

“நல்லாத் தெரியுது” என்றார். “அந்தப் பொடியன வரச் சொல்லு. தட்டிப் பார்க்கணும்னு சொல்லணும் அவன்கிட்ட. தட்டினா இன்னும் நல்லா எழும்பும்.”